கடைக்காகக் கட்டுரை எழுதப் பொருள் தேடுவது: சிறு தொழில் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காங்கேயத்தை அடுத்த ஓர் ஊரில் எங்கள் குடும்பம் மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறது. கடலெண்ணெய் (நிலக்கடலை எண்ணெய்), நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் கண்ணெதிரே ஆட்டி விற்கிறோம். எண்ணெய் வாங்குவோர் படிப்பதற்கென்று கடையின் பெயரில் இணையத்தில் எட்டு ஆண்டுகளாகக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். அதைப் படித்துவிட்டுத் தாங்களும் எழுத விரும்பும் மற்றத் தொழில்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் எண்ணெயைச் சுற்றியே இருக்கும்; எனக்கு நன்றாகத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

எழுதத் தொடங்கிய சில வாரங்களிலேயே எழுத ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறதே, ஏன்?

விற்கும் பொருள்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத உட்காருவதால்தான். எனக்கும் அதுவே நேர்ந்தது. முதல் கட்டுரை மரச்செக்கின் பெருமை; இரண்டாவது கடலெண்ணெயின் நன்மைகள்; மூன்றாவது நல்லெண்ணெயின் நன்மைகள்; நான்காவது தேங்காய் எண்ணெயின் நன்மைகள். நாங்கள் விற்பது மூன்றே எண்ணெய் என்பதால், ஐந்தாவது வாரம் எழுத எதுவுமே இல்லாமல் போயிற்று. அதே ஐந்தாவது வாரத்தில் நான் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு சந்தேகத்தை நாள் முழுவதும் விளக்கிக்கொண்டுதான் இருந்தேன். லிட்டருக்கும் கிலோவுக்கும் என்ன வேறுபாடு, அடியில் ஏன் கசடு தங்குகிறது, வெயிலில் வைக்கலாமா, எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பதில்களில் ஒன்றுகூட எழுத்துக்கு உரியது என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் வாயால் சொல்லிப் பழகிய விஷயம் மிகச் சாதாரணமானது என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. கேட்கிறவருக்கு அது சாதாரணமாக இருந்திருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

அப்படியானால் எழுதுவதற்கான முதல் பொருளை எங்கே தேடுவது?

உங்களிடம் வந்து கேட்கப்பட்ட கேள்வியில் தேடுங்கள். நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

ஒரு மார்கழி மாதக் காலையில், கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது, வழக்கமாக வாங்கும் ஓர் அம்மா கையில் பாட்டிலோடு வந்து நின்றார். உள்ளே இருந்த தேங்காய் எண்ணெய் வெள்ளை வெளேரென்று மெழுகுபோல இறுகி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அசையாமல் இருந்தது. “ஏந்தம்பி, எண்ணெய் இப்படிக் கட்டியாயிப் போச்சே, என்னத்தையாச்சும் கலக்கறீங்களா?” என்று கேட்டார். சண்டைக்கு வந்தவர் போல அவர் பேசவில்லை. தயங்கித் தயங்கித்தான் கேட்டார். பல நாள் பழக்கத்தில் ஏமாந்துவிட்டோமோ என்ற வருத்தம் அந்தக் குரலில் இருந்தது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும் என்பதையும், எங்கள் பகுதியில் மார்கழி, தை மாத விடியற்காலையில் குளிர் அதற்கும் கீழே இறங்குவது வழக்கம் என்பதையும் சொன்னேன். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் நிறுத்தி, இளகி வந்ததைக் காட்டினேன். அவர் நிம்மதியாகப் போனார்.

அன்று மாலைக்குள் இதே கேள்வியோடு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். நேரில் வந்து கேட்டவர்கள் ஐந்து பேர் என்றால், கேட்காமலே மனத்துக்குள் கலப்படம் என்று முடிவு கட்டிவிட்டு வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ என்று அன்று இரவு எண்ணிப் பார்த்தபோதுதான், இதை எழுதாமல் வேறு எதை எழுதப் போகிறோம் என்று எனக்கு உறைத்தது. உறைதல் மட்டுமே கலப்படத்துக்கு அடையாளமாகாது என்ற அந்தக் கட்டுரையை ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்கும்போது எங்கள் வாடிக்கையாளர்களே தங்கள் உறவினர்களுக்கு அனுப்புகிறார்கள்.

கேள்விகளைக் குறித்து வைக்க ஏதாவது முறை உண்டா?

கல்லாவில் கயிறு கட்டிய பேனாவோடு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாள், கேட்டவர் எப்படிப்பட்டவர், அவர் கேட்ட வார்த்தைகள் ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். “புதிதாகக் கல்யாணமான பெண்”, “பலகாரக் கடைக்காரர்”, “மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வந்தவர்” என்று இருந்தால் போதும். ஒரே கேள்விக்கு இம்மூவருக்கும் வேண்டிய விடை வேறு வேறாக இருக்கும்.

வார்த்தைகளை மாற்றாமல் எழுதுவது மிக முக்கியம். “எண்ணெய் கட்டியாயிப் போச்சு” என்று ஒருவர் சொன்னதை “தேங்காய் எண்ணெயின் உறைநிலை” என்று நீங்கள் திருத்தி எழுதிக்கொண்டால், அதன் அடியில் இருந்த அச்சம் விழுந்துவிடும், தலைப்பும் பாடப்புத்தகத் தலைப்பாகிவிடும். கடையில் உதவிக்கு இருப்பவர்களும் எழுதட்டும். முதலாளியிடம் கேட்கத் தயங்குகிற கேள்விகள் எடை போடுகிற பையனிடம் சரளமாக வரும். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளையும் வாரம் ஒருமுறை திரும்பக் கேட்டு நோட்டில் ஏற்றுங்கள். மூன்று மாதம் இதைச் செய்தால், எந்தக் கேள்வி எத்தனை முறை வந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். அதிக முறை வந்ததை முதலில் எழுதலாம்.

விலையைப் பற்றி எழுதலாமா? போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவாரே?

தாராளமாக எழுதலாம். போட்டிக் கடைக்காரருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாமல் தவிப்பவர் வாங்க வருகிறவர் மட்டுமே. சிறு தொழிலில் எழுதப்படாமல் கிடக்கும் பொருள்களில் முதன்மையானது விலைதான் என்பது என் கருத்து. “ஏன் இவ்வளவு விலை?” என்ற கேள்விக்குக் கடையில் முகம் சுளிக்காமல் விடை சொல்கிறவர்கள் குறைவு. எழுத்தில் சொல்கிறவர்கள் அதைவிடக் குறைவு.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரிவர் பூல்ஸ் என்ற, வீட்டு நீச்சல் குளம் அமைக்கும் நிறுவனம் ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் அது மூழ்கும் நிலைக்குப் போயிற்று. அதன் பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் தம்மிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக எழுத்தில் விடை சொல்லத் தொடங்கினார். ஃபைபர் கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பது அவற்றில் முக்கியமான ஒன்று. அத்துறையில் மற்றவர்கள் வாய் திறக்காத விஷயம் அது. குறிப்பிட்ட ஒரு தொகையைச் சொல்லாமல், செலவு எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று விளக்கியிருந்தார். நிறுவனம் மீண்டெழுந்ததில் அந்த எழுத்துக்கு முக்கியப் பங்கு உண்டு என்று அவரே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தொழிலில் அதே கட்டுரை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலெண்ணெய் எடுக்க ஏறத்தாழ 2.25 முதல் 2.5 கிலோ வரை உரித்த கடலைப்பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை அதனால் பெருக்கினால் மூலப்பொருள் செலவு கிடைக்கும். ஆட்டுகூலி, மின்சாரம், பாட்டில், தெளிய வைக்கும் நாள்களில் அடியில் தங்கும் கசடு ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். புண்ணாக்கு விற்று வரும் தொகையைக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கை வரி வரியாக எழுதி, பருப்பு விலை மாறும்போதெல்லாம் திருத்தி வருகிறேன். ஒரு லிட்டர் எண்ணெய், அதற்கு வேண்டிய பருப்பின் விலையைவிடக் குறைவாக எங்காவது விற்கப்பட்டால் என்ன கேட்க வேண்டும் என்பது படித்தவருக்குத் தானே விளங்கும். யாருடைய பெயரையும் நான் சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து இன்னொரு கட்டுரையும் பிறந்தது. எண்ணெய் நீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் 910 முதல் 920 கிராம் வரைதான் எடை இருக்கும். ஒரு கடையில் கிலோ விலையும் மற்றொரு கடையில் லிட்டர் விலையும் கேட்டுவிட்டு ஒப்பிடுகிறவர்கள் ஏராளம். அதை விளக்க அரைப் பக்கம் போதுமானதாக இருந்தது.

எங்கள் பொருளைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டுமா?

வேண்டியதில்லை. பொருள் உங்கள் கடையை விட்டுப் போன பிறகு அதற்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. அங்கேதான் எழுதுவதற்கான விஷயங்கள் நிறையக் கிடைக்கும். பிரான்சில் டயர் செய்து விற்ற மிஷ்லின் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டில், வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு சிறு கையேட்டை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். டயர் மாற்றும் முறை அதில் இருந்தது. அதோடு வழியில் எரிபொருள் எங்கே கிடைக்கும், வண்டி பழுதானால் யாரிடம் போவது, இரவு எங்கே தங்குவது என்பவையும் இருந்தன. டயர் வாங்கியவர் அடுத்து என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எண்ணெய் வாங்கியவர் அடுத்து என்ன செய்வார்? ஊறுகாய் போடுவார், முறுக்குச் சுடுவார், விளக்கேற்றுவார், தலைக்குத் தேய்த்துக் குளிப்பார், எண்ணெய்ப் பிசுக்கேறிய பித்தளை விளக்கைத் துலக்குவார், பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்று யோசிப்பார். செக்குக் கடலெண்ணெயில் பலகாரம் போட்டால் நுரை பொங்கி வருகிறதே என்பது எங்களுக்கு அடிக்கடி வரும் குறை. சுத்திகரித்த எண்ணெயில் நீக்கப்படும் பசைத்தன்மையுள்ள சில பொருள்கள் செக்கெண்ணெயில் அப்படியே இருப்பதால் அது பொங்குகிறது. எண்ணெய் காய்ந்ததும் சிறு புளி உருண்டையைப் போட்டு எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தக் காரணத்தையும் அந்தப் பழக்கத்தையும் சேர்த்து எழுதியபோது, பலகாரக் கடைக்காரர்கள் தங்கள் அனுபவங்களைச் சொல்ல வந்தார்கள். அவற்றிலிருந்து மேலும் இரண்டு கட்டுரைகள் கிடைத்தன.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. எண்ணெய்க் கடைக்காரர் வருமானவரியைப் பற்றி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

பருவத்தையும் பண்டிகையையும் வைத்து எழுதுவது பழைய உத்தி ஆகிவிட்டதே?

“தீபாவளி வாழ்த்துகள்” என்று ஒரு படத்தைப் போட்டு நான்கு வரி எழுதுவது பழசாகிவிட்டது என்றால் ஒப்புக்கொள்கிறேன். பருவத்தால் உங்கள் தொழிலில் உண்மையாகவே ஏற்படும் மாற்றத்தை எழுதுவது ஒருநாளும் பழசாகாது.

எங்கள் ஆண்டைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மாங்காய் ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் கேட்டு வருவார்கள். எவ்வளவு மாங்காய்க்கு எவ்வளவு எண்ணெய், காய்ச்சி ஊற்றுவதா பச்சையாக ஊற்றுவதா என்பவை அந்த மாதத்துக் கேள்விகள். ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலை ஐப்பசி, கார்த்திகையில் அறுவடைக்கு வந்து சந்தை நிரம்பும். புதுக்கடலையில் ஈரம் அதிகம் என்பதால் நன்றாகக் காய வைக்காமல் ஆட்ட முடியாது. ஐப்பசியில் தீபாவளி எண்ணெய்க் குளியல். கார்த்திகையில் விளக்குக்கு எந்த எண்ணெய் என்ற கேள்வி. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும். மாசியில் விதைத்த எள் வெயில் முற்றும் காலத்தில் அறுவடையாகி, சிவகிரி போன்ற ஊர்களின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு ஏலத்துக்கு வரும். எள் ஏலத்தில் கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று தனித்தனி விலை ஏன் என்பது, ஒருமுறை அங்கே போய் நின்று பார்த்தாலே ஒரு கட்டுரையாகும்.

ஒரு தாளில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த மாதம் கடைக்கு வரும் சரக்கு, வரும் கேள்வி, வரும் குறை ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். இரண்டு மூன்று மாதங்கள் காலியாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். கட்டுரையைப் பருவத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாக எழுதி முடித்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஊறுகாய் போட்டு முடித்தவருக்கு ஊறுகாய்க் கட்டுரை பயன்படாது.

கூகுள் போன்ற தேடுபொறிகள் இதற்கு உதவுமா?

உதவும், நோட்டுக்கு அடுத்தபடியாக. தேடும் பெட்டியில் உங்கள் பொருளின் பெயரைப் பாதி தட்டச்சு செய்து நிறுத்தினால், மற்றவர்கள் தேடியவற்றை அது நீட்டிக் காட்டும். பெயருக்குப் பின்னால் “ஏன்”, “எப்படி”, “எத்தனை நாள்”, “விலை” என்ற சொற்களைச் சேர்த்துச் சேர்த்துப் பாருங்கள். தமிழர்களில் பலர் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள் என்பதால் அப்படியும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் வரும் கேள்விகள் ஒன்றாக இருப்பதில்லை.

ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களுக்குக் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி இன்னும் பயன்படும். எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் கட்டுரை கண்ணில் பட்டது என்பதைக் கடந்த 16 மாதங்கள் வரை அது காட்டும். அதில் நான் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: பலருக்குக் காட்டப்பட்டும் யாரும் திறந்து படிக்காத சொற்றொடர்கள். அவர்கள் கேட்டது ஒன்று, நாம் எழுதியது வேறொன்று என்று அதற்குப் பொருள். தேங்காய் எண்ணெய் பற்றிய என் பழைய கட்டுரை ஒன்று, கொப்பரையை வீட்டில் எப்படிக் காய வைப்பது என்று தேடியவர்களுக்குக் காட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. அதில் காய வைப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை அப்படியே அடுத்த தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தலைப்புகள் கேட்டால் ஒரு நொடியில் ஐம்பது தருகிறதே, அது போதாதா?

அந்த ஐம்பதும் பெரும்பாலும் உங்கள் தெருவில் உள்ள இன்னோர் எண்ணெய்க் கடைக்காரருக்கும் கிடைக்கும் ஐம்பதுதான். நான் கேட்டுப் பார்த்தபோது முதலில் வந்தது, என் முதல் மாதத்துக் கட்டுரைகளைப் போன்ற நன்மைகளின் பட்டியல். நோட்டில் குறித்த கேள்விகளைக் கொடுத்து, ஒரே சந்தேகத்தின் வேறு வேறு வடிவங்கள் எவை என்று வகைப்படுத்தச் சொன்னபோது அது நன்றாகவே உதவியது. கேள்விகள் உங்களிடமிருந்து போகட்டும். அடுக்கித் தரும் வேலையை அதற்குக் கொடுங்கள். எடை, வெப்பநிலை, சட்டம் ஆகியவற்றைப் பற்றி அது சொல்வதைச் சரிபார்க்காமல் எழுத வேண்டாம்.

போட்டியாளர் எழுதியதைப் பார்த்து எழுதுவது தவறா?

படிப்பது தவறில்லை. அவர் எதை எழுதவில்லை, அவரிடம் படித்தவர்கள் எதைத் திருப்பிக் கேட்டார்கள் என்று பாருங்கள். அவர் எழுதியதையே சொல் மாற்றி எழுதுவது உங்கள் கடைப் பெயருக்கு அழகல்ல.

கடைக்குள் இருப்பவர்களிடமிருந்து எழுதப் பொருள் கிடைக்குமா?

அங்கேதான் வேறு யாரும் எழுத முடியாத விஷயங்கள் இருக்கின்றன. எங்கள் செக்கை ஓட்டும் பெரியவர் நாற்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறார். எள் ஆட்டும்போது கருப்பட்டியை எப்போது போட வேண்டும் என்பதற்கு அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. வாகை மர உலக்கை முதலில் வறண்ட எள்ளின் மேல் கரகரவென்று ஓடும். எள் நசுங்கி மாவாகிப் பிசைந்து வரும்போது அந்த ஓசை தணிந்து, அடித்தொண்டையிலிருந்து வருவது போல மாறும். அந்த நேரத்தில் விரலால் சிறிது எடுத்து உருட்டிப் பார்ப்பார். உருண்டை உடையாமல் நின்றால் தண்ணீர் தெளித்துக் கருப்பட்டியைத் தட்டிப் போடுவார். கருப்பட்டி சேர்ந்தால் எள்ளின் கசப்பு தணியும், எண்ணெயும் நன்றாகப் பிரிந்து வரும் என்பது அவர் விளக்கம். கொப்பரை காய்ந்துவிட்டதா என்பதையும் இரண்டாக உடைத்துக் கேட்டே சொல்வார். “டக்”கென்று முறிந்தால் ஆட்டலாம், வளைந்து முறிந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். கொப்பரையில் ஈரம் 6 விழுக்காட்டுக்குமேல் இருந்தால் பூஞ்சை பிடிக்க வாய்ப்புண்டு என்று நூல்கள் சொல்வதை அவர் காது ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

இதையெல்லாம் அவரிடம் “சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்று கேட்டபோது, சொல்ல ஒன்றும் இல்லை என்றார். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, ஓர் ஈடு (செக்கில் ஒருமுறை போட்டு ஆட்டும் அளவு) முடியும் வரை “இப்போது ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே காலையில் ஐந்து கட்டுரைக்கான பொருள் கிடைத்தது. வேலை தெரிந்தவரிடம் தலைப்புக் கேட்காதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள்.

குறையும் புகாரும் வந்தால் மறைத்துவிடத்தானே தோன்றும்? அவற்றை எழுதலாமா?

எனக்கும் மறைக்கத்தான் தோன்றியது. ஒரு ஆண்டு, நான்கைந்து வீடுகளிலிருந்து கடலெண்ணெய் காறல் வாடை அடிக்கிறது என்று திருப்பிக் கொண்டு வந்தார்கள். அதே பீப்பாயில் கடையில் இருந்த எண்ணெய் நன்றாக இருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடினோம். நாங்கள் அப்போது, வீட்டிலிருந்து கேன் கொண்டு வருகிறவர்களுக்கு விலை குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கழுவிய ஈரம் காயாத கேன்களிலும், அடியில் பழைய எண்ணெய் தங்கிய கேன்களிலும் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். கேனை வாங்கி மோந்து பார்த்திருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

அதை அப்படியே எழுதினேன்: என்ன நடந்தது, எங்கள் தவறு எது, கேனை எப்படிக் கழுவி எத்தனை நேரம் வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும், பழைய எண்ணெயின் மேல் புதியதை ஏன் ஊற்றக் கூடாது, வெளிச்சமும் காற்றும் எண்ணெயை எப்படிக் கெடுக்கின்றன. வியாபாரம் படுத்துவிடும் என்று வீட்டில் பயந்தார்கள். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர்கள் கேனை நன்றாகக் காய வைத்துக் கொண்டு வந்ததோடு, மூடியைத் திறந்து எங்கள் முன்னால் நீட்டவும் தொடங்கினார்கள்.

எவற்றை எழுதவே கூடாது?

உணவுப் பொருளோ மூலிகைப் பொருளோ விற்பவர்கள் நோய் தீரும் என்று எழுதவே கூடாது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. உணவைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கட்டுரைதானே, விளம்பரம் இல்லையே என்று வாதிட முடியாது; கடைப் பெயரில் வந்தால் அதுவும் விளம்பரமே. சட்டத்தை விடுங்கள். உங்கள் எழுத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பொறுப்பை யார் சுமப்பது? என் பழைய “நன்மைகள்” கட்டுரைகள் மூன்றையும் இதற்காகவே நீக்கிவிட்டேன்.

வாடிக்கையாளரின் வீட்டு விஷயங்களை அவர் ஒப்புதல் இல்லாமல் எழுதுவதும் கூடாது.

எங்கள் தொழில் எண்ணெய் இல்லை. தையல், மோட்டார் ரிப்பேர், நாற்றங்கால் போன்றவற்றுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். தையற்காரரிடம் வருகிறவர், புதுப் பருத்தித் துணியை நனைத்துக் காய வைத்துவிட்டுத் தைக்க வேண்டுமா, ஒரு சுடிதாருக்கு எத்தனை மீட்டர், பழைய பட்டுச் சேலையில் பாவாடை தைக்க வருமா என்று கேட்பார். மோட்டார் ரிப்பேர்க்காரரிடம், காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) ஏன் அடிக்கடி எரிகிறது, தண்ணீர் இல்லாமல் ஓடினால் என்ன ஆகும், புதிதாக வாங்குவதா காயில் கட்டுவதா என்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையாக விடை எழுதுகிற ரிப்பேர்க்காரரை ஊரே தேடி வரும். நாற்றங்காலில், வாங்கிப் போன கறிவேப்பிலைச் செடி ஏன் தழையவில்லை என்பது நிச்சயம் வரும். பட்டுச் சேலைக் கடையில், அசல் பட்டை எப்படி அறிவது, சில்க் மார்க் முத்திரை எதைச் சொல்கிறது, சரிகை கருத்தால் என்ன செய்வது என்பவை எப்போதும் உண்டு.

ஒரு கட்டுரை எழுதிய விஷயத்தையே மறுபடி எழுதலாமா?

புதிதாக ஏதாவது தெரிந்திருந்தால் பழையதையே திருத்தி எழுதுங்கள். ஒரே விஷயத்துக்கு நான்கு கட்டுரைகள் இருப்பதைவிட முழுமையான ஒன்று இருப்பது படிப்பவருக்கு வசதி. விலைக் கட்டுரையை நான் திரும்பத் திரும்பத் திருத்துவது அதனால்தான். கேட்கிறவர் மாறும்போது மட்டும் தனியாக எழுதலாம். எண்ணெய் எத்தனை நாள் தாங்கும் என்று வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிற தாய் கேட்பதும், மாதம் பத்து டின் வாங்குகிற சமையல்காரர் கேட்பதும் ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் இரண்டு கட்டுரைக்கு உரியவை.

எத்தனை நாளுக்கு ஒன்று எழுத வேண்டும்?

மாதத்துக்கு இரண்டு எழுதுகிறேன். தீபாவளி மாதத்தில் ஒன்றுகூட எழுத முடிவதில்லை. அந்த மாதம் நோட்டில் குறிப்பது மட்டும் நடக்கும், கார்த்திகையில் அதைப் பிரித்து உட்காருவேன். சென்ற ஐப்பசியில் மட்டும் எங்கள் நோட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட கேள்விகள் ஏறியிருந்தன. அவற்றில் பதினொன்று ஒரே கேள்விதான்: “எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணணுமா, அப்படியே தேய்க்கலாமா?” அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.